எடை போடாதீங்க, ரஸ்ஸல் ஐயா

மதுரை முனிச்சாலை ஹம்சவேணிக்கு ஐம்பத்திரண்டு வயது. முட்டை சாப்பிட மாட்டாள். அலுவலகத்தில் யாருக்காவது பிறந்தநாள் என்றால், கேக்கில் முட்டை இருக்கிறதா என்று நாலு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் துண்டைக் கையில் வாங்குவாள். வீட்டில் கரப்பான் செத்துக் கிடந்தால்கூடக் கணவர் கிரிதரன்தான் வந்து அள்ளிப் போட வேண்டும். இப்பேர்ப்பட்டவள் பைபாஸ் ரோட்டில் ஒரு மாடியில், காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்து வரை உட்கார்ந்துகொண்டு, ஓர் அமெரிக்கத் துப்பாக்கிக் கடைக்காக, அங்கே மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்று மெயிலில் யோசனை சொல்கிறாள். அதற்குச் சம்பளமும் வாங்குகிறாள்.

கிரிதரன் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்க வீட்டம்மா துப்பாக்கி டிபார்ட்மெண்டு, பாத்துப் பேசுங்க" என்பார். அவள் கண்டுகொள்ள மாட்டாள். வீட்டில் சௌராஷ்டிர பாஷை, தெருவில் மதுரைத் தமிழ், அலுவலகத்தில் ஆங்கிலம். ஆனால் அந்த ஆங்கிலம் விரல் வழியாக மட்டும்தான் வரும். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஜோசபின் டீச்சர் அடித்து வளர்த்த இலக்கணம் அது. எழுதினால் ஒரு பிழை இருக்காது. பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இந்த வேலையில் சேர்வதற்கு அவள் போட்ட ஒரே நிபந்தனை, போன் எடுக்க மாட்டேன் என்பதுதான்.

அதற்கு முன்னால் இருபத்தாறு வருஷம் ஒரு ஜரிகைக் கடையில் இருந்தாள். பட்டுச் சேலைக் கரைக்குப் போடும் ஜரிகை. முதலாளி கடையை மூடிவிட்டுக் கோயம்புத்தூரில் மகனோடு போய் இருந்துகொண்டார். ஹம்சவேணி ஒரு நாள் அழுதாள், இரண்டாம் நாள் வேலை தேட ஆரம்பித்தாள். இங்கே நேர்காணல் செய்தது பெனடிக்ட் என்ற இருபத்தொன்பது வயதுப் பையன், டீம் லீடர்.

"வேட்டையப் பத்தி ஏதாச்சும் தெரியுமாக்கா?" என்று கேட்டான்.

"தெரியாது தம்பி. ஜரிகையும் எனக்குப் பொறக்கும்போதே தெரிஞ்சிரல" என்றாள்.

வேலை கிடைத்துவிட்டது. அவளுக்குக் கொடுத்த பிரிவு, குழலின் வாய் வழியாக வெடிமருந்தையும் குண்டையும் போட்டுக் கம்பியால் இடித்துக் கெட்டிக்கிற துப்பாக்கிகள். உசிலம்பட்டிப் பக்கம் காட்டுப்பன்றி விரட்ட உரிமம் வாங்கி வைத்திருந்தார்களே நாட்டுத் துப்பாக்கி, அதற்கு இது தூரத்துச் சொந்தம். புது மாதிரியில் தீப்பொறி பக்கவாட்டிலிருந்து வராது. மருந்துக்கு நேர் பின்னாலிருந்து வரும். அதனால் தூறலிலும் பெரும்பாலும் ஏமாற்றாது. இன்லைன் என்று பெயர். ஒரு முறை சுட்டுவிட்டால், மறுபடி மருந்து போட்டுக் கெட்டிப்பதற்குள் மான் அடுத்த ஊர் போய்விடும். இப்படிச் சிரமப்பட்டுச் சுடுகிறவர்களுக்கென்றே அங்கே தனி வேட்டைக் காலம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஹம்சவேணி பதினோரு துப்பாக்கிகளின் கையேடுகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்து, மூன்று நீள நோட்டுகளில் எழுதி வைத்தாள். முக்கியமானதற்கெல்லாம் சிவப்பு அடிக்கோடு.

வாடிக்கையாளருக்கு அனுப்ப அலுவலகம் ஒரு கேள்வித்தாள் வைத்திருந்தது. முதல் கேள்வி: உங்கள் பட்ஜெட் என்ன? ஹம்சவேணிக்கு அதைப் பார்த்ததும் கோபம் வந்தது. ஜரிகைக் கடைக்கு வருகிற நெசவாளியிடம் எடுத்த எடுப்பில் எம்புட்டு ரூபாய்க்கு வேணும் என்று கேட்டால் அவர் எழுந்து போய்விடுவார். எந்தச் சேலைக்கு, கரை எத்தனை விரல் அகலம், தறியில் உட்காரப்போவது யார், இதுதான் கேட்க வேண்டியது. அவள் அந்தக் கேள்வித்தாளை ஓரமாக வைத்துவிட்டுத் தன் போக்கில் கேட்டாள். காட்டில் எவ்வளவு தூரம் நடப்பீர்கள்? தோளில் வலி உண்டா? கண்ணாடி போடுவீர்களா? வேட்டை முடிந்து வந்தபிறகு அதைச் சுத்தம் செய்யப்போவது யார்?

பெனடிக்ட் முதல் மாதம் தலையில் கை வைத்துக்கொண்டான். மூன்றாவது மாதம், அவள் பார்த்துச் சொன்ன துப்பாக்கி ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை என்று தெரிந்ததும் கையை எடுத்துவிட்டான்.

ரஸ்ஸல் என்பவருடைய முதல் மெயில் ஆகஸ்டில் வந்தது. பென்சில்வேனியாவில் ஒரு மலையடி ஊர். வயது எழுபத்து நான்கு. இருப்பதிலேயே நீளமான குழல், இருப்பதிலேயே வேகம், இருப்பதிலேயே விலை அதிகமானது எதுவோ அதைச் சொல்லவும் என்று எழுதியிருந்தார். பழைய துப்பாக்கி என்னாயிற்று என்று அவள் கேட்டாள். துருப்பிடித்துவிட்டது என்று பதில். ஏன் துருப்பிடித்தது என்று கேட்டாள். இதெல்லாம் கேள்வித்தாளில் இல்லாத கேள்வி.

அதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் வந்தது. துப்பாக்கியைச் சுத்தம் செய்வது அவர் மனைவி டோரத்தியின் வேலை. ரஸ்ஸலுக்கு விரல் மூட்டுகளெல்லாம் வாதம் வந்து முடிச்சு முடிச்சாகிவிட்டது. குழலின் பின்பக்கத்தை அடைக்கிற திருகை ஸ்பானர் போட்டுக் கழற்ற முடியாது. டோரத்தி ரேடியோ கேட்டுக்கொண்டே கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டு மாட்டிவிடுவாளாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் இறந்துபோனாள். அந்த வருஷம் துப்பாக்கி சுத்தம் செய்யாமலே கிடந்தது, அவ்வளவுதான் என்று முடித்திருந்தார். ஹம்சவேணி அதை மூன்று முறை படித்தாள். அன்று மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கவேயில்லை.

பிறகு ஒன்பது மெயில் போயிற்று, ஒன்பது வந்தது. அவருக்கு விடியும் நேரம் இவளுக்கு வேலை முடியும் நேரம். மாலை நாலு மணிவாக்கில் அவர் காப்பியோடு உட்கார்ந்து எழுதுவார், இவள் கைப்பையை எடுப்பதற்கு முன் பதில் போடுவாள். கடைசியில் அவள் தேர்ந்தெடுத்தது எடை குறைந்த, குழல் குட்டையான, துருவேறாத எஃகில் செய்த ஒன்று. தோளில் பதியும் இடத்தில் மெத்தென்று ரப்பர். எல்லாவற்றுக்கும் மேலே, பின்பக்கத் திருகை ஸ்பானர் இல்லாமல் வெறும் கையால் திருப்பலாம். அவர் கேட்டதன் பாதி விலைதான். பெனடிக்ட் பெருமூச்சு விட்டான்.

"அக்கா, அந்தாளு காசு குடுக்கத் தயாராத்தான் இருந்தாரு."

"விரலு தயாரா இல்லையே தம்பி" என்றாள்.

துப்பாக்கி போய்ச் சேர்ந்ததும் ரஸ்ஸல் எழுதினார்: சமையலறை மேசையில் உட்கார்ந்து அந்தத் திருகைப் பத்து முறை கழற்றி மாட்டினேன், என் சொந்த விரலால். நன்றி, ஹெலன். ஆமாம், ஹெலன். அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் அது. நெற்றியில் பொட்டும் தலையில் மல்லிகையும் வைத்துக்கொண்டு அவள் தினமும் அறுபது மெயிலுக்கு ஹெலன் என்று கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கிரிதரனிடம், "எங்க ரஸ்ஸல் ஐயாவுக்குத் துப்பாக்கி அமைஞ்சிருச்சு" என்றாள். பெண்ணுக்கு வரன் அமைந்த மாதிரிச் சொன்னாள்.

அக்டோபரில் ஆயுத பூசைக்கு முந்தின நாள் வந்தது அந்த மெயில். மருந்துப் புட்டியில் ஒரு முறை சுட நூறு கிரெயின் என்று அளவு போட்டிருக்கிறது; அளப்பதற்குக் கோடு போட்ட குழாயும் இருக்கிறது, பழைய சின்னத் தராசும் இருக்கிறது; எதில் அளப்பது நல்லது? இன்று காலை ஒன்பது மணிக்குச் சுடும் பயிற்சி மைதானம் திறப்பார்கள், முதல் முறையாகச் சுட்டுப் பார்க்கப் போகிறேன்.

எந்தக் கேள்வி வந்தாலும் நோட்டைப் புரட்டிப் பார்க்கிற ஹம்சவேணி, இந்த ஒன்றுக்கு மட்டும் புரட்டவில்லை. இது அவளுக்குத் தெரிந்த விஷயம். இருபத்தாறு வருஷம் ஜரிகையை நிறுத்துக் கொடுத்தவள். முழம் போட்டு அளந்தால் கைக்குக் கை மாறும், தராசு யார் முகத்தையும் பார்க்காது என்று முதலாளி தினம் ஒரு தடவையாவது சொல்வார். பூக்காரியிடம்கூட முழத்தை நம்பாமல் எடை போடச் சொல்லிச் சண்டைக்கு நிற்பவள் அவள். கண நேரத்தில் தட்டினாள்: தராசிலேயே நிறுத்துக்கொள்ளுங்கள். அதுதான் துல்லியம். கை நடுங்கினால் குழாய் ஏமாற்றும், தராசு ஏமாற்றாது. அனுப்பிவிட்டு, நல்ல பதில் சொன்ன திருப்தியோடு கணினியை அணைத்தாள்.

மறுநாள் அலுவலகப் பூசைக்குப் பொரி வாங்கும் பொறுப்பு அவளுடையது. ஆட்டோ பிடித்துக் கீழமாசி வீதியில் இறங்கும்போது ஐந்தே முக்கால். வீதி முழுக்க வாழைக்கன்றும் பூசணிக்காயும் மனிதர்களுமாக நகர இடமில்லை. தங்கப்பொண்ணு என்ற பொரிக்காரம்மா, ஆள் உயர மூட்டைகளுக்கு நடுவில் ஒரு படியை வைத்துக்கொண்டு அளந்து தள்ளிக்கொண்டிருந்தாள்.

"பொரி நாலு கிலோ, பொட்டுக்கடலை நாலு கிலோ. நிறுத்துக் குடுங்க, படியெல்லாம் வேணாம்" என்றாள் ஹம்சவேணி.

தங்கப்பொண்ணு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பொரிய யாராச்சும் கிலோவுல கேப்பாங்களாக்கா? கடலை நாலு கிலோன்னா ஒரு பை. பொரிய நாலு கிலோ வார வரைக்கும் தராசுல போட்டா நீ மூட்டையத் தலையில வச்சுக்கிட்டுத்தான் போகணும். லேசான சாமான அளக்கத்தான் படி இருக்கு."

சொல்லிவிட்டு, ஒரே படியால் இதில் ஒன்று அதில் ஒன்று அளந்து இரண்டு பைகளை அவள் இரண்டு கையிலும் கொடுத்தாள். கடலைப் பை கையை இழுத்தது. பொரிப் பை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

ஹம்சவேணி இரண்டு கைகளையும் பார்த்தபடி நின்றாள்.

இரண்டாவது நோட்டில், சிவப்பு அடிக்கோடு போட்டு, அவள் கையாலேயே எழுதி வைத்திருந்தாள். நூறு என்பது பழைய காலக் கரிமருந்தை வைத்துப் போட்ட கணக்கு. குழாயில் நூறாவது கோடு வரை நிரப்பு என்று அதற்கு அர்த்தம். எடை நூறு என்று அர்த்தமில்லை. ரஸ்ஸல் வாங்கியிருப்பது புது மருந்து, கரிமருந்தைவிட லேசு, வேகம் அதிகம். அதைத் தராசில் நூறு காட்டும்வரை போட்டால் கோட்டைத் தாண்டி இன்னும் பாதி அளவு ஏறிவிடும். அதைக் குழல் தாங்காமல் போகலாம். குழலுக்குப் பக்கத்தில் அவர் கை இருக்கும், முகமும் இருக்கும். தராசிலேயே நிறுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியது அவள்.

மணி ஆறு ஆகி ஐந்து நிமிஷம். அங்கே காலை எட்டு முப்பத்தைந்து. கைப்பையிலிருந்து போனை எடுத்து பெனடிக்டைக் கூப்பிட்டாள். அவன் அலுவலகத்தில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, ரஸ்ஸல் ஐயா நம்பர் ஆர்டர்ல இருக்கும். போன் போட்டு எனக்கு இணைச்சு விடுங்க."

"நம்ம மெயில் டீமுதானக்கா. கஸ்டமருக்குப் போன் பண்ணக் கூடாது. வேணும்னா அவசரம்னு மெயில் போடுவோம்."

"அவரு கெளம்பியிருப்பாரு, மெயிலப் பாக்க மாட்டாரு. நான் தப்பாச் சொல்லிட்டேன் தம்பி. கை போயிரும்."

பெனடிக்ட் தோரணத்தைக் கீழே வைத்தான். பிறகு, "வேலை போனா ரெண்டு பேருக்கும் சேர்ந்து போகும்க்கா" என்றான். சொல்லும்போதே விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது, எடுக்கவில்லை. தங்கப்பொண்ணு அளப்பதை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தாள். மூன்றாவது முறை, கரகரவென்று ஒரு குரல், யார் என்றது.

அவள் நாக்கு ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் ஒரு தள்ளுவண்டிக்காரர் வழி விடச் சொல்லிக் கத்தினார், ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு. ஹம்சவேணி ஒரு காதைப் பொத்திக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வெள்ளைக்காரரோடு ஆங்கிலத்தில் பேசினாள்.

"ஐயா, துப்பாக்கிக் கடையிலிருந்து பேசுகிறேன். மெயில் எழுதுகிறவள்."

"ஹெலனா? நீங்கள் ஹெலன் மாதிரி இல்லையே."

"ஹெலன் இல்லை. என் பெயர் ஹம்சவேணி. எடை போடாதீங்க, ரஸ்ஸல் ஐயா." ஐயா என்பது தமிழாகவே வந்துவிட்டது. "நான் தப்பாகச் சொன்னேன். குழாயில் அளக்க வேண்டும். தராசில் அளந்தால் கூடிப்போகும். இன்னும் சுடவில்லையே?"

மைதானத்து வாசலில் வண்டியில் உட்கார்ந்திருப்பதாக அவர் சொன்னார். கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே ஐந்து குப்பிகளில் நிறுத்து எடுத்து வந்துவிட்டாராம், தராசில் நூறு நூறாக, அவள் சொன்னபடியே.

"கொட்டிவிடுங்கள்."

"ஐந்தையுமா?"

"ஐந்தையும். வண்டியிலிருந்து இறங்கி, தண்ணீர் கிடக்கும் இடமாகப் பார்த்து. நான் போனை வைக்க மாட்டேன்."

கதவு திறக்கும் சத்தம் வந்தது. நடக்கும் சத்தம். ஒவ்வொரு குப்பியாக அவர் சொல்லிச் சொல்லிக் கொட்டினார். நாலாவது மூடி விரலுக்குத் திருகவில்லை என்று கொஞ்ச நேரம் ஆயிற்று. ஐந்து என்று அவர் சொன்னபோது ஹம்சவேணி ஒரு பொரி மூட்டையில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். அது அவளை இடுப்பு வரை உள்வாங்கியது.

"என்னை மன்னித்துவிடுங்கள், ஐயா" என்றாள். அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"எனக்குத் தப்பாகச் சொன்னவர்கள் நிறையப் பேர்" என்றார் கிழவர். "போன் செய்தவர்கள் யாரும் இல்லை." பிறகு கேட்டார்: "அதென்ன அங்கே அவ்வளவு சத்தம்?"

நாளைக்கு ஆயுத பூசை, ஆளாளுக்குத் தங்கள் தொழில் கருவியைக் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்போம் என்று அவள் விளக்கினாள். துப்பாக்கிக்கும் வைக்கலாமா என்றார். எது உங்களுக்குச் சோறு போடுகிறதோ அதற்கு வைக்கலாம் என்றாள். அதுதான் தனக்குக் குளிர்காலம் முழுக்கக் கறி போடுவது என்றார் ரஸ்ஸல்.

"துப்பாக்கியைப் பற்றி இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறீர்களே, ஹம்சவேணி, இதுவரை எத்தனை மான் சுட்டிருப்பீர்கள்?" பெயரை மூன்று துண்டாக உடைத்து, ஒன்றையும் விடாமல் சொன்னார்.

"நான் முட்டைகூடச் சாப்பிட மாட்டேன், ஐயா."

அந்தப் பக்கம் கிழவர் சிரித்தார் பாருங்கள், இருமி இருமிச் சிரித்தார். இடையில் இணைப்பில் இருந்த பெனடிக்டும் அடக்க மாட்டாமல் சிரித்துவிட்டான்.

போனை வைத்ததும் தங்கப்பொண்ணு ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள். "யாருக்கா, சொந்தக்காரவகளா?"

"ஆமா" என்றாள் ஹம்சவேணி. பிறகு பொரி பத்துப் படி வாங்கினாள். ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை.

விதியை மீறிப் போன் செய்ததற்காக அவளுக்கும் பெனடிக்டுக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள். மருந்தைக் குழாயில்தான் அளக்க வேண்டும் என்ற வரி அலுவலகக் கேள்வித்தாளில் தடித்த எழுத்தில் ஏறியது. ஹம்சவேணி தன் பெயரையும் மாற்றச் சொல்லிக் கேட்டாள். அது முடியாது என்றார்கள். சரி என்றுவிட்டாள்.

பூசை விடுமுறை முடிந்து வந்த காலையில் அவள் பெட்டியில் ஒரு படம் கிடந்தது. மேலே நாலு வரி. குழாயில் அளந்து எட்டு முறை சுட்டேன், எட்டும் நேராகப் போயிற்று. வீட்டில் நீங்கள் சொன்ன சிவப்புப் பொடி இல்லை. மேசை இழுப்பறையில் டோரத்தியின் உதட்டுச் சாயம் இருந்தது, அதை வைத்தேன். அவளுக்கும் அந்தத் துப்பாக்கி பிடித்திருக்கும்.

பெனடிக்ட் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான். படத்தில் ஒரு சமையலறை மேசை. பக்கத்து வீட்டுக்காரர் யாரோ எடுத்திருக்க வேண்டும். ரஸ்ஸல் இரண்டு கைகளிலும் துப்பாக்கியைத் தாங்கிப் பிடித்திருந்தார், கட்டையில் வட்டமாக ஒரு சிவப்புப் பொட்டு. ஹம்சவேணி பொட்டைப் பார்த்தாள், ஆனால் பார்வை அங்கே நிற்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினாள்.

"என்னக்கா தேடுறீங்க?"

முடிச்சு முடிச்சாக, கோணல் மாணலாக, திரையில் ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். பத்து விரலும் இருந்தன.